நிற்கப் பழகுதல்

எல்லையோரக் கோபாலபுரத்தில் பாலக்காடு பஸ் ஏறி உட்கார்ந்தேன். முன்சீட்டில் இருந்த நரைத்த தலை அம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"நிக்கறதுக்குப் பழகப் போறனுங்கக்கா. தாய் சி கிளாஸ். சீனாக்காரங்க பயிற்சி, மெதுவாக் கையக் கால அசைக்கோணும். போன வாரந்தான் சேர்ந்தேன்."

"இந்த வயசுலயா?"

"எங்கூட்டுக்காரருக்குப் பக்கவாதமில்லீங்களா, அவரு உழுந்தப்பத் தூக்கப் போயி நானும் உழுந்துட்டேன். பால்காரர் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் தரையிலயே கெடந்தோம். ஒருத்தராச்சும் நிக்கோணுமில்லீங்க?"

மற்றவர் கேட்டார்: "அவரு என்ன சொல்றாரு?"

"பேச்சு இன்னும் வரலீங்க. ஊட்ல நான் பழகறப்பக் கட்டில்ல உக்காந்து பாத்துட்டே இருப்பாரு. நேத்து நான் கையத் தூக்குனேன். அவரும் நல்லா இருக்கற கையத் தூக்குனாருங்க."