போதும் என்று அறியாத ஈஸ்ட்

என் ஸ்வெட்டரில் புளித்த மாவு வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் வளர்க்கிறவன் எத்தனை முறை துவைத்தாலும் அது போகாது. என் மனைவி அதைச் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போய், அரிசோனாவில் தங்கையோடு இருக்கப் போய்விட்டாள். அங்கே காற்று வறண்டதாம், எதுவும் புளிப்பதில்லையாம்.

டுவேன் நோவாட்னி என் நண்பன். அவனுக்காகத்தான் வந்திருக்கிறேன். மனைவியைப் பறிகொடுத்தவன், தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறான். நண்பன் என்று ஒருவன் இருந்தால் உண்மையைச் சொல்ல வேண்டாமா?

நீங்கள் பீர் காய்ச்சுகிறவர் இல்லை என்றீர்கள். அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். பீரை மனிதன் செய்வதில்லை. நாம் பார்லியைச் சுடுநீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுக்கிறோம், ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்க வைக்கிறோம், அவ்வளவுதான். அந்தச் சர்க்கரையைத் தின்று அதைப் பீராக்குவது ஈஸ்ட். ஒரே சாற்றைத் தனித்தனி ஜாடியில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் வேறு ஈஸ்ட் போட்டுப் பாருங்கள். ஒன்று வாழைப்பழமாக மணக்கும். ஒன்று கிராம்பு. இன்னொன்று மிளகு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான், குணம் மட்டும் ஆளுக்கொன்று. மருந்துக்கடையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு இதுதான் வேலை. இந்த மேனிடவாக் ஊரில் இதை என்னைப் போல் பொறுமையாகச் செய்தவர் எவரும் இல்லை. தற்பெருமை இல்லை, கேட்டுப் பாருங்கள்.

டுவேன் கார் விற்றவன். கடையில் கிடைக்கிற மலிவான பாக்கெட் ஈஸ்ட்டைப் பல்லால் கிழித்து அப்படியே வாளியில் கொட்டுவான். மீன் பிடிக்கக் கொண்டுபோகிற வாளியோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு. கோடைச் சந்தையின் பீர் போட்டியில் முதல் பரிசு நீல ரிப்பன் அவனுக்குத்தான். ஒவ்வொரு கோடையிலும்.

பீர் காய்ச்சுகிற எங்கள் சங்கத்தார் வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குக் கூடுவோம். போன வசந்தத்தில் என் புதுப் பீரை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்து, எந்த ஈஸ்ட் எந்த மணத்தைத் தந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"டேய் லேலண்ட், நீ பீர் காய்ச்சுறியா, இல்ல ஈஸ்ட்டுக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுக்குறியா?" என்றான் டுவேன். மேசை முழுக்கச் சிரிப்பு.

அவன் மனைவி மார்லிஸ்தான் பரிந்து பேசினாள். "சும்மா கெடங்க. அவரு பீரு நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் இருமல் மருந்து மாதிரி, அவ்ளோதான்."

அப்போது சிரிப்பு இன்னும் பெரிதானது. மார்லிஸ் நல்லவள். அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. அவள் அன்று சொன்னதைக்கூட நான் எப்போதோ மறந்துவிட்டேன்.

பெரும்பாலான ஈஸ்ட்டுக்குப் போதும் என்று தெரியும். எளிதாகச் செரிக்கிற சர்க்கரையைத் தின்றுவிட்டு அடியில் படுத்துவிடும். ஆனால் ஒரு வகை இருக்கிறது, அதற்கு அந்தப் புத்தி கிடையாது. மற்றவை தொடாமல் விட்ட மிச்சத்தையும் உடைத்துத் தின்னும். திறந்த ஜாடியில் என்றால் யாருக்கும் தொந்தரவு இல்லை. மூடிய பாட்டிலுக்குள் என்றால் அது தின்னத் தின்ன உள்ளே காற்று ஏறிக்கொண்டே போகும். கண்ணாடிக்கும் ஒரு பொறுமை உண்டல்லவா?

அந்த இனத்தில் பல குடும்பங்களை நான் வளர்த்தேன். சில சோம்பேறிகள். ஒன்று மட்டும் அபாரம். அதைத் தனியாக எடுத்து, ஊட்டி, மறுபடி எடுத்து, நான்கைந்து தலைமுறைக்கு ஆளாக்கினேன். என் கராஜில் ஒரு மரப்பெட்டிக்குள் சில பாட்டில்களை வைத்துப் பார்த்தேன். வெடித்தது. பெட்டியின் பலகைக்குள் ஒரு கண்ணாடித் துண்டு விரல் நீளத்துக்கு இறங்கியிருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆய்வு செய்கிறவனுக்கு விடை கிடைத்தால் வருகிற திருப்தி அது.

டுவேன் அடுத்த முறை பாட்டிலில் நிரப்பும்போது உதவிக்குப் போனேன். அவன் தோட்டத்தில் அடுப்பில் கிடந்த சாசேஜைத் திருப்பிப் போடப் போனான். என் பையில் ஒரு சின்னக் குப்பி இருந்தது. அதை அவன் வாளியில் கவிழ்த்தேன். ஒரு தேக்கரண்டிகூட இருக்காது.

"எங்கடா வைக்கலாம்?" என்று கேட்டான்.

"கீழ நிலவறையில, ஹீட்டர் பக்கத்துல வை. சூட்டுல சீக்கிரம் நுரை கட்டும்."

பிறகு போகும்போதெல்லாம் ஒன்று திறப்பான். ஒவ்வொரு தடவையும் நுரை கொஞ்சம் அதிகமாகப் பொங்கியது.

"என்னடா இது, எரிமலை மாதிரி வருது? ஃப்ரிட்ஜுல தூக்கி வச்சிரட்டுமா?"

"வேணாம்டா. இப்பத்தான் பக்குவம் வருது. கொஞ்சம் பொறு."

நான் எதிர்பார்த்தது டுவேனின் கை. அதிகம் போனால் முகம். ஒரு பாடம், அவ்வளவுதான். எதையும் கவனிக்காமல் செய்கிறவனுக்குக் கவனம் கற்பிக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டிவியில் ஃபுட்பால் ஓடிக்கொண்டிருந்தது. டுவேனுக்கு முட்டி வலி. சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மார்லிஸ், கீழ போயி ரெண்டு பாட்டில் எடுத்துட்டு வாம்மா."

அவள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கும் அதுதானே? இல்ல உங்க மருந்துதான் வேணுமா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"அதுவே போதும்," என்றேன். "பின் வரிசையிலேருந்து எடுங்க. அதுதான் நல்லா விளைஞ்சிருக்கும்."

ஆய்வின் நடுவில் கையை விட்டால் ஆய்வு கெட்டுவிடும். அது யாருக்கும் தெரிந்த விதிதான். அவள் படியில் இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பாட்டில் வெடித்தது, அதன் அதிர்ச்சியில் அடுத்தது, அதற்கடுத்தது. டுவேன் முட்டி வலியை மறந்து ஓடினான். அவள் கழுத்தில் கண்ணாடி பட்டிருந்தது. நான்தான் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன். முகவரியைத் தெளிவாகச் சொன்னேன். அதற்காக என்னைப் பாராட்டினார்கள்.

இதெல்லாம் நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அடக்கம் முடிந்து தேவாலயத்தில் சாப்பிடும்போது டுவேன் என் தோளில் சாய்ந்து அழுதான். "என் கைதான்டா அவளக் கொன்னுது. வாளிய ஒழுங்காக் கழுவல. ஏதோ காட்டு ஈஸ்ட் காத்துல வந்து விழுந்திருக்கு." நான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவன் அழட்டும், அழுதால் பாரம் குறையும் என்று விட்டுவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டம். வாளிகளைக் கழுவுவது பற்றிப் பேச்சு வந்தது. செயலாளர் எழுந்து, இப்படி ஒரு வீரியமான ஈஸ்ட்டை இந்த மாநிலத்திலேயே யாரும் பார்த்ததில்லை, மிச்ச பாட்டிலிலிருந்து எடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப் போகிறோம் என்றார். அதற்கு டுவேனின் குடும்பப் பெயரையே வைத்துவிட்டார்கள். நோவாட்னி ஈஸ்ட்.

கழுவாத வாளியில் தானாக வந்து விழுந்ததாம்.

நான் அன்றிரவு தூங்கவில்லை. மார்லிஸ் போனபின் எனக்கு அதுதான் முதல் தூங்காத இரவு. ஆகவே நீங்கள் தட்டச்சு செய்கிற அந்த அறிக்கையில் ஒன்றை மட்டும் திருத்திவிடுங்கள். கொலை என்று போடுவதானால் போடுங்கள், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் டுவேன் பெயரை எடுத்துவிடுங்கள். அது என் ஈஸ்ட்.