திரைக்குப் பின்பக்கம்

எங்கள் எஸ்டேட் திடலில் படம் போட்டால் நான் திரைக்குப் பின்பக்கம்தான் உட்காருவேன், ஐயா. முன்பக்கத்தை எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி வீட்டு நாற்காலிகள் அடைத்துக்கொள்ளும். பின்பக்கம் குளிர்காற்று அவ்வளவாக அடிக்காது. வெள்ளைத் துணிதானே, படம் அங்கேயும் நன்றாகத் தெரியும். எழுத்து மட்டும் இடவலம் மாறி ஓடும். எனக்குப் படிக்கத் தெரியாது, அதனால் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை.

எழுபத்தெட்டில், தீபாவளி முடிந்த வாரம் ஒரு பேய்ப் படம் வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் மூடுபனிக்குள்ளிருந்து வந்து, அடுத்தவன் மனைவியிடம் இனிக்க இனிக்கப் பேசுகிறான். அவன் சாத்தான். அது அவளுக்குத் தெரியாது. அவன் மயக்கிவிட்டுப் போன பிறகு அவள் புருஷனுக்கு இடது கையால் சோறு போடுகிறாள், முகத்தில் ஒரு சிரிப்போடு. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. என் மனைவி ரஞ்சிதம் வழக்கம்போல் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வீட்டுச் செல்லம்மாதான் என்னைப் பார்த்துவிட்டாள்.

"படம்தான்லா அண்ணே, இதுக்குப் போயி இப்டி நடுங்குறீங்களே!"

அன்றைக்கு ராத்திரி வீட்டில் நான் விளக்கை அணைக்க விடவில்லை.

அடுத்த மாதம் தேயிலைக் கொழுந்து எடுக்கும் சரிவில் ரஞ்சிதம் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. கியா பார்மிலிருந்து காய்கறி ஏற்றி வந்த லோரிக்காரன் செல்வராஜு அவளைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கட்டுப் போட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டான். தங்கமான பையன் என்று எங்கள் லயத்து வீடுகளில் எல்லாரும் சொன்னார்கள். அவன் லோரியை விட்டு இறங்கியபோது பனி மூடியிருந்தது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

அன்று மத்தியானம் ரஞ்சிதம் எனக்கு இடது கையால் சோறு போட்டாள். "கோவிச்சுக்காதீங்க, இந்தக் கைதான் இருக்கு" என்று சிரித்தாள். நான் தட்டைத் தள்ளிவைத்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை.

செல்வராஜுவிடம் ஏன் சண்டைக்குப் போகவில்லை என்கிறீர்கள். சாத்தான் மேல் யாராவது கை வைப்பார்களா, ஐயா? நான் பயந்த சுபாவம். அவளைக் காப்பாற்றினால் போதும் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லயத்தில் முக்கால்வாசிப் பேர் பிரிஞ்சாங் டவுனுக்குப் போயிருந்தார்கள். பின்னாலிருக்கும் விறகு அறையில் சட்டி நிறையக் கரியைப் பற்றவைத்து, காய்ந்த மிளகாயும் சாம்பிராணியும் அள்ளிப் போட்டேன். பேய் பிடித்தவர்களுக்குப் புகை காட்டுவது எங்களுக்குப் புதிதில்லை. வாசலில் உட்காரவைத்துக் கொஞ்சமாகக் காட்டுவார்கள். படத்தில் வந்த பூசாரி அந்தப் பெண்ணை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். நானும் விறகு எடுத்துவரச் சொல்லி ரஞ்சிதத்தை அனுப்பிவிட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

முதலில் இருமினாள். பிறகு, "சின்னக்கருப்பா, தொற, மூச்சு முட்டுது" என்று கூப்பிட்டாள். ரஞ்சிதம் ஒருநாளும் என் பெயரைச் சொன்னவள் இல்லை. எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். அப்படியானால் உள்ளே பேசுவது யார்? முதுகைக் கதவில் அழுத்திக்கொண்டு நின்றேன். டவுனுக்குப் போகாமலிருந்த செல்லம்மா ஓடிவந்தாள்.

"ஐயோ அண்ணே, அது ரஞ்சிதந்தாண்ணே! தொறங்க, செத்துருவா!"

"படத்துலயும் இப்டித்தான் கூப்புட்டுச்சு. தொறக்கக் கூடாதும்மா."

அவள் கிராணியைக் கூட்டிவர ஓடினாள். அவர்கள் வருவதற்குள் சத்தம் ஓய்ந்துவிட்டது. நானேதான் தாழ்ப்பாளை நீக்கினேன். ரஞ்சிதம் கதவடியில் செத்துக் கிடந்தாள். கைக்கட்டு அவிழ்ந்திருந்தது. அந்த வீங்கிய கையாலும் கதவைத் தட்டியிருக்கிறாள்.

பின்பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இடம் வலமாகத்தானே தெரியும், அந்தப் பெண் வலது கையால்தானே சோறு போட்டிருப்பாள் என்று கேட்கிறீர்கள். தெரியும், ஐயா. சின்ன வயதிலிருந்து அங்கேதான் உட்காருகிறேன். தாழ்ப்பாள் போடும்போதும் அது எனக்குத் தெரியும்.

ஆனால் அவள் செல்வராஜுவின் லோரியில் போய்வந்த அன்றைக்குத்தானே சிரித்தாள். சிரிப்பு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் சிரிப்புதானே, ஐயா.