‘காட்டுங்க’ அக்காவுக்குக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதியது

அஞ்சாமை அணிந்தவரே, அடுக்கடுக்காய்க் கேள்வி தொடுத்தவரே, அறுபது வயதிலும் பதவிப் பெயரில் ‘இளநிலை’யை இழக்காத ஒரே இளையவரே, எங்கள் தகவல் பாதுகாப்புப் பிரிவின் ஆலோசகர் அக்காவே, வணக்கம்.

தட்டச்சுப் பிரிவில் இருபத்தேழு ஆண்டுகள் விரல் தேய்ந்து, ஐம்பத்து மூன்றாம் வயதில் தேர்வெழுதி எங்கள் அறைக்கு வந்தீர்கள். அரசின் இணையதளங்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று சோதித்துச் சான்றளிப்பது நம் வேலை. நாங்கள் சோதித்த முறை எளிது. “பத்திரமா இருக்கா?” என்போம், “இருக்கு” என்பார்கள், கையெழுத்திட்டுத் தேநீர் குடிக்கப் போவோம். நீங்களோ வந்த வாரமே அறிக்கைப் படிவத்தின் ஓரத்தில் அளவுகோல் வைத்து இரண்டு கட்டம் வரைந்தீர்கள்: ‘பார்த்தேன்’, ‘சொன்னார்கள்’. அன்று பிடித்தது எங்களுக்குக் கெட்ட காலம். எதைச் சொன்னாலும் “காட்டுங்க” என்றீர்கள். விசைப்பலகைகளைக் கவிழ்த்து, அடியில் நாங்கள் ஒட்டிவைத்திருந்த பாஸ்வேர்டுகளைப் பேன் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாக எடுத்தீர்கள். முதுகுக்குப் பின்னால் ‘காட்டுங்க அக்கா’ என்று பெயர் வைத்தவர்கள் நாங்கள்தாம். இன்று முகத்துக்கு நேரே ஒப்புக்கொள்கிறோம்.

பிறப்புப் பதிவுத் தளத்துக்கு நீங்கள் சான்றளிக்க வேண்டிய அந்த வெள்ளிக்கிழமையை மறப்போமா? திங்களன்று திறப்பு விழா, அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. உங்கள் பதவி உயர்வுக் கோப்பும் இயக்குநரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

“பேக்கப் தினமும் எடுக்கிறாங்கம்மா. கையெழுத்தைப் போட்டுடுங்க” என்றார் அவர்.

“எடுக்கிறதா சொன்னாங்க சார். நான் பார்க்கலையே.”

“ஏம்மா, என் மேல நம்பிக்கை இல்லையா?”

“இருக்கு சார். நம்பிக்கைக்குன்னு படிவத்துல கட்டம் இல்லையே.”

நீங்கள் கையெழுத்திடவில்லை. சர்வர் அறைக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்று, பேக்கப் என்ற அந்த மாற்றுப் பிரதியை எங்கள் கையாலேயே திறக்க வைத்தீர்கள். ஏழு மாதக் கோப்புகள். ஒவ்வொன்றிலும் தேதி இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. நாள் தவறாமல் காற்றைப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். முந்தைய சோதனையில் ‘பேக்கப் இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தவர்கள், இம்மடலை எழுதும் நாங்களே.

கோளாறைச் சரிசெய்யத் திறப்பு விழா இரண்டு வாரம் தள்ளிப்போனது. உங்கள் கோப்பு எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை. தளம் திறந்த ஒன்பதாம் நாள் காலையில் சர்வர் உயிரை விட்டது. மதியத்துக்குள், ஒரு குழந்தையின் பெயர்கூட விடுபடாமல் எல்லாம் பேக்கப்பிலிருந்து மீண்டன. இயக்குநர் மாடியிலிருந்து ஓடி வந்தார்.

“எல்லாம் வந்துடுச்சாமேம்மா?”

“‘ஆமே’ எல்லாம் வேண்டாம் சார். உட்கார்ந்து பாருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டீர்கள். பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

அக்கா, நோய் அண்டாமல், புன்னகை குன்றாமல் நூறாண்டு வாழுங்கள். மருத்துவர் “நல்லா இருக்கீங்க” என்றாலும் அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் “கதவைப் பூட்டிட்டேன்” என்றால் மட்டும் ஒருமுறை நம்பிவிடுங்கள், பாவம்.

நேர்மையின் உறைவிடம் என்று எல்லோரும் உங்களைச் சொல்வதாக இங்கே எழுதலாம். எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். ஆகவே இம்மடலின் அடியிலும் அளவுகோல் வைத்து இரண்டு கட்டம் வரைந்திருக்கிறோம். ‘சொன்னார்கள்’ காலியாக இருக்கிறது. பதினொரு பேரும் நெருக்கியடித்துக் கையெழுத்திட்டிருப்பது ‘பார்த்தோம்’ கட்டத்தில்.

இப்படிக்கு,
விசைப்பலகைக்கு அடியில் இப்போது எதுவும் ஒட்டாத
தகவல் பாதுகாப்புப் பிரிவினர்