அச்சொட்டாக ஒரு பெயர்

எனக்குத் தேநீருக்குச் சீனி வேண்டாம். நீங்கள் விசாரித்துக் கேட்பதற்கு ஒளிக்காமல் பதில் சொல்கிறேன். உங்களுக்கு விளங்கும் என்ற நம்பிக்கைதான் இல்லை.

வவுனியாவில் நான் நடத்தியது இணையக் கடை. வெளிநாட்டுக்காரர் காசு கட்டினால், இங்குள்ள உறவினருக்குக் கேக்கோ சேலையோ கொண்டுபோய்க் கொடுப்போம். சமாதான காலத்தில் மாங்குளம் தாண்டியும் கேக் போனது. தேடுபொறியில் விளம்பரம் வர, சொற்களை வாங்க வேண்டும். 'வவுனியா கேக்' என்று வாங்கி அகலமாகத் திறந்துவிட்டால், வவுனியா பஸ் நேரம் தேடுகிறவனும் வந்து விளம்பரத்தை அமத்துவான். ஒவ்வொரு அமத்தலுக்கும் காசு என் கையிலிருந்துதான் போகும். இரண்டாவது சொற்றொடர் வகை, அதில் அந்தச் சொற்கள் அதே வரிசையில் வரவேண்டும், முன்னுக்குப் பின்னுக்கு எதுவும் இருக்கலாம். மூன்றாவது அச்சொட்டு வகை. அதையே எழுதியவருக்கு மட்டும் தெரியும்.

சண்டை உச்சத்தில் இருந்த 2009இல் ஒருவரும் கேக் தேடவில்லை. சனம் ஆட்களைத் தேடியது.

சித்திரையில், முன்பு நாங்கள் கேக் கொண்டுபோய்க் கொடுத்த வீட்டு வடிவம்மா, ஆஸ்பத்திரியில் காயத்தோடு கிடந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எங்கட தர்மபுரத்துச் சாருஜன் செத்திட்டான், நாங்கள்தான் பங்கருக்குப் பக்கத்தில தாட்டனாங்கள். கனடாவில தமக்கை நாகேஸ்வரி பாத்துக்கொண்டிருப்பா. அவாவுக்கு அறிவிச்சு விடுங்கோ."

"ஓம் அம்மா, அறிவிக்கிறன்."

'சாருஜன் தர்மபுரம்' என்பதை அச்சொட்டு வகையில் வாங்கினேன், கனடாவுக்கு மட்டும். விளம்பரத்தில் எழுதியது இது: 'சாருஜன் முகாமில் நலம். பொதி அனுப்ப இங்கே வாருங்கள்.' மலிவாகக் கிடைத்தது. அந்தச் சொற்களுக்கு வேறு கடைக்காரர் போட்டிக்கு வரவில்லை.

நாகேஸ்வரி பால்மாவுக்கும் உடுக்கிற சாரத்துக்கும் காசு கட்டினார். "தம்பியை ஒருக்காக் கதைக்கச் சொல்லுங்கோ" என்று எழுதினார். முகாமில் தொலைபேசி வசதி இல்லை என்று மரியாதையாகப் பதில் போட்டேன். வியாபாரம் பிடித்துக்கொண்டதால், ஆஸ்பத்திரியில் காதில் விழுந்த மற்றப் பெயர்களையும் சொற்றொடர் வகையில் வாங்கினேன். பெயருக்குப் பின்னால் ஆட்கள் என்ன எழுதுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

மார்கழியில் நாகேஸ்வரி நேரே வந்து இறங்கினார். தம்பிக்குப் போட வாங்கிய புதுச் சேட்டொன்றை மடியில் வைத்துக்கொண்டு என் கடைக் கதிரையில் இருந்தார்.

"அவனிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"அவன் சித்திரையிலேயே செத்திட்டான் அக்கா" என்றேன். தெருவே கூடும்படி சத்தம் போட்டது அவர்தான், நான் இல்லை.

என்னை மிருகத்தைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறீர்கள். விலக்குச் சொல் என்றும் ஒன்று உண்டு. அந்தச் சொல்லோடு தேடுகிறவருக்கு விளம்பரம் காட்டாது. நான் வாங்கிய எல்லாப் பெயர்களுக்கும் முதல் நாளே 'மரணம்' என்பதை விலக்கில் போட்டேன். செத்த வீட்டில் வியாபாரம் செய்கிறவன் நான் இல்லை.