வளையாத தண்டு

கொமிசேர் ஐயா, என் வாக்குமூலத்தை எழுதத் தொடங்குமுன் உங்கள் நாற்காலியை ஜன்னலை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனி மாத வெயில் நேராக உங்கள் முகத்தில் அடிக்கிறது.

மேசைமேல் இருக்கும் இரண்டு கோல்ஃப் மட்டைகளையும் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் தலை ஒரே இரும்பு, ஒரே எடை. வேறுபாடு மரத் தண்டில்தான் இருக்கிறது. ஒன்று இளங்கரும்புபோல வளைந்து கொடுக்கும். மற்றது உலக்கை.

வாய்க்கால் வேலைக்கு வந்த பிரெஞ்சு எஞ்ஜினியர் முசே லெரூ தன் நாட்டுக்குத் திரும்பும்போது இவற்றை என்னிடம் விட்டுப்போனார். பாகூர் ஏரி வற்றிய நாட்களில், அதன் தரையில் நின்று எனக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவர் அவர். வேகமான கைக்கு விறைப்பான தண்டு, மெதுவான கைக்கு வளையும் தண்டு என்பார். வளையும் தண்டு கடைசி நொடியில் தானே நிமிர்ந்து பந்தைத் தள்ளிவிடும். விறைப்பான தண்டு தன் பங்குக்கு ஒன்றும் தராது. எல்லாவற்றையும் ஆடுகிறவன்தான் தர வேண்டும். ஆகவே ஆளின் தோளையும் மூச்சையும் பார்த்துத் தண்டைத் தேர வேண்டும். நான் அப்படித்தான் தேர்ந்தேன்.

மணவாளன் என் மனைவியின் தம்பி. தை மாதத்தில் அவனுக்கு மார்வலி வந்தபோது என் வண்டியிலேயே புதுச்சேரிக்கு அழைத்துப்போனேன். டாக்டர் பிரெஞ்சில் பேசினார். அவனுக்குப் பிரெஞ்சு தெரியாது. "விளையாடட்டும், ஆனால் உடம்பை வருத்தக் கூடாது, இதயம் தாங்காது" என்றார். நான் அவனிடம், "விளையாடச் சொல்றாருடா" என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

அந்த ஆண்டு ஏரித் தண்ணீரைப் பங்கிடும் பொறுப்பை ஊர் அவனிடம் கொடுத்திருந்தது. வரும் ஐப்பசியில் ஏரி நிரம்பியதும் முதல் முறைத் தண்ணீர் கடைமடைக்காரர்களுக்கு என்று அவன் வாக்குக் கொடுத்துவிட்டான். என் கரும்பு மதகை ஒட்டி இருக்கிறது. ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன்.

"உங்க கரும்பு ஒரு வாரம் தாங்கும் மாமா. அவங்க நாத்து தாங்காது" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். உறவுக்குள் சண்டை எனக்குப் பிடிக்காது. அவனுக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு என்னிடம் வரும் என்பதும் ஊருக்குத் தெரிந்த விஷயம்தான்.

வைகாசி முழுக்க வற்றிய ஏரித் தரையில் ஆடினோம். வெயில் ஏறிய பிறகு தரை இறுகிவிடும், பந்து நன்றாக ஓடும்; அதனால் அந்த நேரத்தைச் சொன்னேன். அவன் கையில் விறைப்பான தண்டைக் கொடுத்தேன். அடிக்கு அடி நானே குடை பிடித்தேன். அவன் பேரில் மூலநாதர் கோயிலில் அர்ச்சனையும் செய்துவந்தேன். இதையெல்லாம் நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

கடைமடைக்காரன் காத்தவராயன்தான் மட்டைப் பையைத் தூக்கி வருவான். வாய் நீளம் அவனுக்கு. "இன்னா ஐயா, பந்தே கடைமடைக்கு வரமாட்டேங்குது, தண்ணி எப்படி வரும்?" என்பான்.

"வரும்டா, ரெண்டும் வரும்" என்று மணவாளன் இன்னும் பலமாக வீசுவான்.

என் பந்து எளிதாகப் போய் விழும். ஒருநாள், "உங்க மட்டையக் கொஞ்சம் குடுங்க மாமா" என்று கேட்டான். "இது வயசானவங்களுக்குடா, உனக்கு எதுக்கு?" என்றேன். வெட்கப்பட்டுத் தன் மட்டைக்கே திரும்பிவிட்டான். அவன் உதடு நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் வேகமா வீசு" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் வீசிய கையோடு சரிந்தான். அவன் தலையை மடியில் வைத்து இளநீர் கொடுத்தேன். அது வாயோரமாக வழிந்தது. "தண்டு நல்ல தண்டுதான் மாமா," என்றான், "என் கைதான் சோம்பேறி." என் மனம் சங்கடப்படக் கூடாதென்று அதைச் சொன்னான். அதன்பிறகு பேசவில்லை.

காரியம் முடிந்தபின் அவன் மனைவி கஸ்தூரி, பிரெஞ்சு தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அந்த டாக்டரைப் பார்த்துவந்தாள். பிறகு என் வீட்டுக்கு வந்து, எல்லார் முன்னிலையிலும் இரண்டு மட்டைகளையும் ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தாள். உங்களிடம் கொண்டுபோகும்படி காத்தவராயனிடம் கொடுத்தாள்.

ஆம், ஐயா. அவன் இதயம் தாங்காது என்று தெரிந்துதான் அந்தத் தண்டைக் கொடுத்தேன். அவன் விழும்வரை கொடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவன்மேல் என் விரல்கூடப் படவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

விசாரணை முடிந்ததும் அந்த வளையும் தண்டு மட்டையை மட்டும் எனக்குத் திருப்பித் தரச் சொல்லுங்கள். எனக்கும் வயதாகிறது. இதயத்தைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.