ஓரம் உடைந்த பல்

வெயில் காலத்தில் ஹார்ட்னரைக் குறைத்துத்தான் ஊற்ற வேண்டும். எங்கள் தொழிலில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஹார்ட்னர் என்பது பிசினை இறுக வைக்கிற திரவம், சார். மார்கழியில் ஊற்றுகிற அளவை மே மாதம் ஊற்றினால் பிசின் வாளியிலேயே கல்லாகிவிடும். குறைத்தால் நிதானமாக இறுகும். ரொம்பக் குறைத்துவிட்டால் இறுகவே இறுகாது. மேல் தோல் காய்ந்திருக்கும், உள்ளே அல்வா மாதிரி கிடக்கும்.

என் பெயர் அன்பு. வயது முப்பத்தொன்பது. பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் நாலு வருடம் நைட் ஷிப்ட் பார்த்தேன், அதையும் விட்டேன். பழவேற்காட்டில் ஃபைபர் படகு செய்கிற இடத்தில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு, மோகன்ராஜ் அண்ணன் பட்டறைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது.

நாங்கள் செய்வது பெயர்ப்பலகை. அச்சடித்து ஒட்டுகிற பலகை இல்லை. புடைத்து நிற்கிற எழுத்து, அதைச் சுற்றி உருவங்கள். கல்யாண மண்டபத்துக்கு மயில், சர்ச் வளைவுக்குச் சிறகு வைத்த சம்மனசு, பிரியாணிக் கடைக்கு ஆளுயரச் சேவல். முதலில் களிமண்ணில் செய்வேன். அதன்மேல் அச்சு எடுத்து, அச்சுக்குள் பிசினும் கண்ணாடி நாரும் அடுக்கடுக்காகப் போட்டு, இறுகியதும் பிரித்தெடுப்பேன். முதுகில் ஓர் இரும்புத் தகட்டைப் பதிப்போம். அந்தத் தகட்டிலிருந்து நீளுகிற கம்பியை வளைவின் சட்டத்தில் வெல்டு வைப்போம். உருவம் என் வேலை. வெல்டு பென்னியின் வேலை.

பென்னிக்கு இருபத்தாறு வயது. என்னைச் சிரிக்க வைக்க முயற்சி செய்கிற ஒரே ஆள். சம்மனசு செய்துகொண்டிருந்தபோது பின்னால் நின்று, "இன்னாண்ணே, சம்மனசுக்கு உன் மூஞ்சியவே வச்சிக்கினு இருக்க. எவன் சர்ச்சுக்கு வருவான்?" என்றான். நான் மூக்கை மாற்றினேன். அவன் சொன்னது சரி.

இந்த மே மாதம் ஒரு மனைப்பிரிவின் வளைவுக்குத் தாமரை செய்தோம். எட்டடி அகலம், தொண்ணூறு கிலோ. நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்புகிற கிளைச் சாலையில் அந்த வளைவு இருக்கிறது. தகடு பதிக்கிற அன்று ஷீட் கூரைக்குக் கீழே அடுப்புக்குள் இருப்பது போல இருந்தது. முதல் வாளி கையில் இருக்கும்போதே இறுகிவிட்டது. இரண்டாவதில் ஹார்ட்னரைக் குறைத்தேன். அளவுக்கு மேல் குறைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் விரலால் தட்டிப் பார்த்தேன். நன்றாக இறுகியிருந்தால் ஓடு மாதிரி சத்தம் வரும். இது தொடையில் தட்டுவது போல இருந்தது. அன்று மதியம் கிரேன் வருவதாக இருந்தது, அடுத்த நாள் திறப்பு விழா. பதினோரு வருடத்தில் என் வேலை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. முதுகுப் பக்கத்துக்குக் கறுப்பு வர்ணம் அடித்துவிட்டு, ஏற்றலாம் என்று சொன்னேன்.

நாலு நாள் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் விழுந்தது. கீழே நின்ற ஜெனிபர் என்கிற பெண் இறந்துபோனாள். இருபது வயது. சிப்காட்டில் வயர் கம்பெனியில் வேலை. கம்பெனி வேன் அவளைக் கிளைச் சாலை முனையில் இறக்கிவிடும். அவள் அப்பா ஜெயராஜ் மொபெட்டில் வந்து வீட்டுக்குக் கூட்டிப்போவார். அன்று அவர் தாமதமாக வந்து சேர்ந்தபோது அவள் உயிரோடு இல்லை.

சோதனைக்கு வந்த என்ஜினியர் பார்த்ததைத்தான் எழுதினார். தாமரையின் முதுகில் தகடு அசையாமல் இறுகியிருந்தது. சட்டத்திலிருந்து வெல்டு அறுந்திருந்தது. பென்னியைக் கைது செய்தார்கள். ஒன்றரை மாதம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். வந்தவன் வெல்டிங் கம்பியைத் தொடவில்லை. பட்டறையைக் கூட்டினான், டீ வாங்கி வந்தான். ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, நான் ரெண்டு தபா சுத்தி வச்சேண்ணே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்பறம் எப்டிண்ணே உட்டுச்சு?" என்றான்.

"சில சமயம் உட்டுடும்டா" என்றேன்.

"அப்ப என் கைதாண்ணே" என்றான். வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

அவனுக்கு நான் கெடுதல் நினைக்கவில்லை. அவன் சின்னவன், இரண்டு வருடத்தில் வெளியே வந்துவிடுவான், வேறு தொழில் கற்றுக்கொள்வான் என்று கணக்குப் போட்டேன். எனக்கு இதைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

ஆகஸ்டில் ஜெனிபரோடு வேலை செய்த பெண்கள் பட்டறைக்கு வந்தார்கள். அந்தக் கிளைச் சாலை முனையில் அவள் பெயரில் ஒரு நிழற்குடை கட்டுகிறார்களாம். வெயிலில் நிற்க இடமில்லாமல்தானே அவள் அந்த வளைவுக்கடியில் போய் நின்றாள் என்று ஒரு பெண் சொன்னாள். நிழற்குடையின் நெற்றியில் பெயரும், பக்கத்தில் அவள் முகமும் புடைப்பாக வேண்டும். வேறு எங்கேயும் போகவேண்டாம், நாங்களே செய்துதருகிறோம் என்று மோகன்ராஜ் அண்ணன் சொல்லிவிட்டார். கம்பெனி அடையாள அட்டையில் இருந்த போட்டோவைக் கொடுத்தார்கள். உதடு மூடிய முகம். தபால்தலை அளவு.

ஆறு நாள் களிமண்ணில் வேலை செய்தேன். நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். ஒரு முறைகூட அந்தப் போட்டோவைத் திரும்பப் பார்க்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஏழாம் நாள் அவள் அம்மா கங்கம்மா பார்க்க வந்தார். ஈரத் துணியை விலக்கிக் காட்டினேன். அவர் கிட்டே போய்க் களிமண்ணின் வாயில் ஒற்றை விரலை வைத்தார். உதடு கொஞ்சம் திறந்திருந்தது. மேல் வரிசையில் முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்திருந்தது.

"தம்பி, இந்தப் பல்லு போட்டோல இல்லியே."

"கை தானா போயிடுச்சும்மா. அழிச்சிடறேன்."

"எட்டாவது படிக்கச் சொல்லோ குழாயடில வுழுந்து ஒட்சிக்கினா. அன்னிலேர்ந்து வாயத் தொறந்து சிரிக்கவே மாட்டா. கைய வச்சி மூடிக்குவா. கூட வேலை செய்றதுங்களுக்குக்கூடத் தெரியாது. பொண்ணு பாக்க வந்தா இன்னாடி செய்வேன்னு கேட்டா, ஊட்டுக்காரன் பல்ல எண்ணியா கட்டிக்கினு போவான்னு கேப்பா." அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "உனுக்கு எப்டி தெரிஞ்சுது? அவளே வந்து காட்டிட்டுப் பூட்டா போல."

துடைப்பத்தோடு நின்றிருந்த பென்னி அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அம்மா, நான்தாம்மா பென்னி. வெல்டு வச்சவன்."

"தெரியும் நைனா."

"திங்கக்கிழமை திருவள்ளூர் கோர்ட்டு. நான்தான்னு ஒத்துக்கப் போறேம்மா. வாயிதா வாயிதாவா உங்கள அலைய வுட மாட்டேன்."

கங்கம்மா அவன் தலையில் கைவைத்தார். "நீ வேணும்னு பண்ணலியே. உன்ன மன்னிச்சிட்டேன். கர்த்தருக்கு முன்னால சொல்றேன், மன்சுல ஒண்ணும் வச்சிக்கல. சாப்புடு. இன்னா இப்டி எளச்சிப் போய்க் கெடக்க."

நான் களிமண் கையோடு ஓரமாக நின்றேன். ஒரு தாய் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்வது இலேசில்லை, சார். அந்த மன்னிப்பைத் தப்பே செய்யாதவனுக்குக் கொடுத்துவிட்டார். அது எனக்கு வரவேண்டியது. அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். பென்னிக்காக வந்தேன் என்று எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன்.

நான் அங்கே போனது நல்ல எண்ணத்தில். அந்தத் தாமரை நாலு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு டப்பா பிசின், ஹார்ட்னர், கறுப்பு வர்ணம், சுத்தியல், உளி, ஏணி எல்லாம் எடுத்துக்கொண்டு ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். தகட்டைச் சுற்றிப் புதுப் பிசின் ஊற்றி இறுக்கிவிடலாம் என்பது திட்டம். பின்பக்கமாக ஏணி போட்டு ஏறினேன். ஏறிய பிறகு வேன் வந்து நின்றது. பெண் இறங்கி வந்து சரியாகத் தாமரைக்குக் கீழே நின்று போனைப் பார்த்தாள். சுற்றிலும் அங்கே மட்டும்தான் நிழல்.

தள்ளி நில்லும்மா என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பாள். போய் நாலு பேரிடம் சொல்லியிருப்பாள். அதனால் சொல்லவில்லை. சத்தமில்லாமல் வேலையை முடித்துவிடலாம் என்று, இறுகாத பழைய பிசினைத் தோண்டியெடுக்கத் தகட்டின் ஓரத்தில் உளியை வைத்து நெம்பினேன். தகடு வெண்ணெயிலிருந்து கத்தி வருவது போல வந்துவிட்டது.

கீழே இறங்கினேன். பூ அவள் இடுப்புக்கு மேலே விழுந்து பக்கத்தில் புரண்டிருந்தது. நாரில் செய்தது என்பதால் இரண்டு இதழ்தான் விரிசல் விட்டிருந்தது. அவள் மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள்.

நான் மறுபடி ஏறி, சட்டத்தில் தொங்கிய கம்பியைச் சுத்தியலால் வெல்டோடு அடித்துப் பிரித்தேன். நல்ல வெல்டு. பதினாலு முறை அடிக்க வேண்டியிருந்தது. தகட்டைக் கொண்டுவந்து பூவின் முதுகில் இருந்த குழியில் திரும்பச் செருகி, புதுப் பிசினில் ஹார்ட்னரைத் தாராளமாகக் கலந்து ஊற்றினேன். அந்த வெயிலில் இறுகக் கால்மணி நேரம் பிடிக்கும். அதுவரை தகடு சாயாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு கையும் வேண்டும். அவள் தலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன்.

அவள் கத்தவில்லை. வாயைத் திறந்தாள். பல்லைப் பார்த்தேன். "தண்ணி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து "அண்ணா, தண்ணி" என்றாள். பாட்டில் என் பையில் இருந்தது. அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று எங்கோ படித்திருக்கிறேன். கையை எடுக்கவும் முடியாது. இதோ ஆயிடுச்சும்மா, இதோ ஆயிடுச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிசினைத்தான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

பிசின் இறுகிய பிறகு சுரண்டிப் பார்த்து, கறுப்பு வர்ணம் தடவினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் வாய் அப்படியே நின்றிருந்தது. நிழற்குடையில் வைக்கப்போகிற முகத்தில் இருப்பது அந்த வாய்தான். கங்கம்மா அதைச் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், சார். அந்த அம்மாவிடம் இதைச் சொல்லும்போது, அவள் தனியாகக் கிடந்து சாகவில்லை, கடைசி வரைக்கும் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான் என்று சொல்லுங்கள். அதைக் கேட்டால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.