கருவாட்டு வாசனை தெரிகிறதா?

அலையின் இரைச்சலோடு என் இரைச்சலையும் பொறுத்துக்கொள்ளும் விழாத் தலைவர் அவர்களே! கிள்ளைக் கரையின் பெரியோர்களே! கடலுக்குப் போனவர் கரைசேரும்வரை கண்ணயராத தாய்மார்களே! மணலில் அமர்ந்து என்னைக் கேலி செய்யக் காத்திருக்கும் தம்பிமார்களே! எல்லோருக்கும் இந்த எழிலரசியின் வணக்கம்.

கொரோனா காலத்தில் ஊர் அடங்கியது, உறவு அடங்கியது, நோய் அடங்கியதா? அடங்கவில்லை! அது எந்தக் குப்பத்தில் நுழைந்திருக்கிறது என்று கண்டறியும் ஆய்வு, பல்கலைக்கழக ஆய்வாளர்களான எங்கள் தலையில் விழுந்தது. நேரில் வர வழியில்லை. அண்ணாமலை நகரில் ஒரு மொட்டை மாடி, அங்கேதான் சிக்னல். குடையைப் பிடித்துக்கொண்டு நானும் தோழி வினோதினியும் வீடு வீடாகப் போன் போட்டோம்.

"காய்ச்சல் இருக்குங்களா?" என்றால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கோம்." உண்மையைச் சொன்னால் வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள் என்ற பயம்! அதோ ஒரு மாமா சிரிக்கிறார். நீங்களும் அப்படிச் சொன்னவர்தான் மாமா, குரல் ஞாபகம் இருக்கிறது!

'முகரும் உணர்வில் குறைபாடு உண்டா?' என்றது எங்கள் கேள்வித்தாள். கேட்டதுமே போனை வைத்தார்கள். "இந்த ஊர்ல மூக்கு எதுக்கு இருக்கு? கருவாட்டுக்குத்தானே!" என்றேன் வினோதினியிடம். அன்றிலிருந்து நாங்கள் நலம் விசாரிக்கவில்லை, குழம்பு விசாரித்தோம்.

அப்படித்தான் இருசம்மாள் அக்கா பேசினார். இந்த மேடையில் அவர் பெயரைச் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டேன். "சொல்லு மேடம், எனக்கென்னா பயம்!" என்றார். அன்று அவருக்கு நிறைமாதம்.

"இன்னிக்கு என்னா கொழம்புக்கா?"

"கருவாடுதாம்மா. அடுப்புல கருகிப்போச்சு, எனக்குத் தெரியவே இல்ல. இவுருதான் ஓடியாந்து எறக்குனாரு."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. கருவாடு கருகுவது தெரியாத மூக்கு இந்தக் கரையில் உண்டா?

ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா என்றேன். யார் பெயரையும் வெளியிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தோம். அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் ஒரு வண்டியும் அனுப்ப முடியாது. அவர் கணவர் தங்கராசு போனை வாங்கினார். "வேணாம் மேடம். வண்டி வாசல்ல நின்னா தெருவே எங்கள ஒதுக்கிடும்."

"அண்ணே, தெரு நாலு நாளைக்குப் பேசும். அக்காவுக்கு இன்னிக்கு மூச்சு வேணும்ண்ணே!"

அவர் அழுதார். பின்னாலிருந்து அக்காவின் குரல்: "வரச் சொல்லும்மா. எம்புள்ள பொழைக்கணும்."

வண்டி வந்தது. சிதம்பரத்தில் ஆக்சிஜன் கிடைத்தது. தெரு ஒதுக்கியதா? இல்லை ஐயா, இல்லை! மறுநாள் அதே தெருவிலிருந்து எங்களுக்குப் போன்: "மேடம், நானும் கருவாட்ட மோந்து பாத்தேன். வாசனையே தெரியல. எங்கூட்டுக்கும் வண்டி அனுப்புங்க!"

தூரமா தடுத்தது? பயம் தடுத்தது! அந்தப் பயத்தை விரட்டியது எது? பணமா, பட்டமா, பதவியா? தெரிந்த பேச்சில் கேட்ட ஒரு கேள்வி! நாளை எந்த நோய் வந்தாலும் வரட்டும். கேட்க நாங்கள் இருக்கிறோம், சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள்!

அன்று வயிற்றில் இருந்த வாண்டு, இதோ என் மைக்கைப் பிடுங்குகிறாள். பந்தலுக்குப் பின்னால் அவள் அம்மா விருந்துக்குக் கருவாடு வறுக்கிறார். வாசனை தெரிகிறதா? சத்தமாகச் சொல்லுங்கள், அக்காவுக்குக் கேட்கட்டும்!

கேட்டுவிட்டது. கரண்டியோடு எட்டிப் பார்க்கிறார். இதற்கு மேல் நான் பேசினால் அது கருகிவிடும். பொறுமைக்கு நன்றி, எல்லோரும் சாப்பிட்டுத்தான் போக வேண்டும். வணக்கம்!